வால்வின் இடது காது

நூற்று நாற்பது வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், பிளம்பரின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எந்த வீட்டில் எந்தக் குழாய் மக்கர் பண்ணினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "வால்வுல ஏதோ கோளாறு." பாதி நாள் அது வால்வாக இருக்காது. அதற்காகப் பெயர் போய்விடுமா? வாசல் காவலாளி முதல் சங்கச் செயலாளர் வரை எல்லோருக்கும் அவர் வால்வுதான்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. சுவருக்குள் எங்கே தண்ணீர் கசிகிறது என்று இடது காதைச் சுவரில் ஒட்டிவைத்தே சொல்லிவிடுவார். உடைத்துப் பார்த்தால் சரியாக அங்கேதான் இருக்கும். சிக்கல் என்னவென்றால், அவர் சுவரைக் கேட்கும்போதுதான் வீட்டுக்காரர்களும் பேசுவார்கள். எப்போது ஒழுக ஆரம்பித்தது, கடைசியாக யார் குளித்தது, போன வருஷம் வந்த ஆள் என்ன கெடுத்துவிட்டுப் போனான் என்று ஆதியோடந்தமாகச் சொல்வார்கள். கொஞ்சம் சும்மா இருங்கள் என்றால் கோபம் வரும். அதனால் அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை உள்ளே போகாது. பதினெட்டு வருஷமாக இப்படி ஆட்டி ஆட்டி, சுவர் இல்லாத இடத்திலும் தலை ஆட ஆரம்பித்துவிட்டது.

"உங்க தலைக்குன்னு தனியா ஒரு உயிர் இருக்குங்க. நீங்க இல்லாதப்பவும் அது ஆடும்" என்பாள் மனைவி. அதற்கும் ஆட்டுவார்.

அந்த மனைவி இரண்டு வருஷங்களுக்கு முன் கடல் தாண்டிப் போய், ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மகளின் கல்லூரிப் படிப்புக்காக என்று பேசி முடிவெடுத்ததுதான். முதல் ஆறு மாதம் போனில் மணிக்கணக்கில் பேசினார்கள். பிறகு பேச்சு மெலிந்து, "சாப்டாச்சா", "ஆச்சு", "தூங்கு" என்று ஆனது. அவர் அங்கே போவதாக இரண்டு தடவை ஏற்பாடாகி, இரண்டு தடவையும் அவரே ரத்து செய்தார். முதல் தடவை மோட்டார் எரிந்தது. அடுத்த தடவை மேல்தொட்டியில் விரிசல். இரண்டு தடவையும் அவள் சண்டை போடவில்லை. "சரி, பாத்துக்கலாம்" என்றாள். சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் அவளே கூப்பிட்டாள்.

"நாலு நாள் லீவு தர்றாங்க. இந்தத் தடவை வந்துடுங்க. ஒரு விஷயம் பேசணும்."

"போன்லயே சொல்லேன்."

"போன்ல நீங்க தலையாட்டுவீங்க. அது எனக்குத் தெரியாது. நேர்ல வாங்க."

அன்றிலிருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு விஷயம் என்றால் என்ன விஷயம்? நல்லதென்றால் போனில் சொல்லியிருப்பாளே. நட்டைத் திருகும்போது விஷயம், பசை தடவும்போது விஷயம். ஐந்தாம் மாடி வீட்டில் சுடுதண்ணீர்க் குழாயையும் பச்சைத்தண்ணீர்க் குழாயையும் மாற்றிப் பூட்டிவிட்டு வந்து, வாங்கிக் கட்டிக்கொண்டார். அவள் அங்கேயே இருந்துவிடப் போகிறாளா? தன்னை வேண்டாம் என்று சொல்லப் போகிறாளா? மகளிடம் கேட்டால், "அம்மாகிட்ட கேளுங்கப்பா, நான் என்ன தபால்காரியா?" என்றாள்.

இந்த லட்சணத்தில், கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஜலதோஷம் பிடித்தது. மறுநாள் காய்ச்சல். அதற்கு மறுநாள் இடது காது அடைத்துக்கொண்டு, உள்ளே விண்விண் என்று தெறித்தது. மகள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "சவ்வு நல்லா உப்பியிருக்கு. விமானம் இறங்கும்போது தாங்காது. ஒரு வாரம் தள்ளிப் போடுங்க" என்றார்.

வால்வு தலையாட்டினார். வெளியே வந்ததும் மகளிடம், "டிக்கெட்டைத் தள்ளிப்போட முடியுமா?" என்று கேட்டார்.

"இருக்கறதுலயே விலை குறைஞ்ச டிக்கெட்டுப்பா. தேதியும் மாறாது, பேரும் மாறாது. அம்மாவோட நாலு நாளும் மாறாது."

"அப்போ போறேன்."

"டாக்டர்கிட்ட தலையாட்டினீங்களே?"

"அது தலை" என்றார் வால்வு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விமானம். கையில் ஏழு கிலோவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பதால் இரண்டு சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் ஒரு ஸ்வெட்டரும் மாட்டியிருந்தார். காய்ச்சல் குளிருக்கு அது இதமாகத்தான் இருந்தது. பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் திரெட் டேப் சுருளை, குழாய் மரையில் சுற்றும் அந்த வெள்ளை நாடாவை, எடுத்துவைக்க மறந்துபோய் அப்படியே கொண்டுவந்துவிட்டார். சோதனை செய்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தந்தார்.

கண்டம் அதற்கு முன்பே, டிக்கெட் கவுண்டரில் வந்துபோயிருந்தது. கவுண்டர் பெண் மடமடவென்று கேள்வி கேட்டாள். ஒரு காது அடைத்திருக்கிறது, சுற்றிலும் இரைச்சல். இவர் பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பையில பட்டாசு, பெட்ரோல் ஏதாவது இருக்கா?"

தலை ஆடியது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகம் சிவந்து, மூக்கு ஒழுகி, ஸ்வெட்டருக்குள் வேர்த்துக்கொண்டு நிற்கிறார் மனிதர். குரலை உயர்த்தினாள். "சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அதற்கும் ஆடியது.

"அப்போ டாக்டர் சர்ட்டிபிகேட் குடுங்க. இல்லாம ஏத்த முடியாது."

சர்ட்டிபிகேட் என்ற வார்த்தை மட்டும் தெளிவாக விழுந்தது. மூன்றாவது தடவையும் வரவில்லை என்றால் அவள் "சரி, பாத்துக்கலாம்" என்றுகூடச் சொல்ல மாட்டாள். கவுண்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"மேடம், நான் பிளம்பர். தலையாட்டுறது தொழில் பழக்கம். நீங்க கேட்டது ஒண்ணும் என் காதுல விழல. பட்டாசும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஜலதோஷம், அவ்வளவுதான். என் சம்சாரத்தைப் பார்த்து ரெண்டு வருஷம் ஆச்சு."

கவுண்டர் பெண் பின்னால் இருந்த மேலாளரைப் பார்த்தாள். மேலாளர் வந்து இவரை ஏற இறங்கப் பார்த்தார். வால்வு மூச்சை அடக்கி, தும்மலை அடக்கி, பள்ளிக்கூடப் பையனைப் போல் விறைப்பாக நின்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மேலாளர் கையை அசைத்து, போகச் சொன்னார். வால்வு பத்தடி தள்ளிப் போய்த் தொடர்ந்து ஏழு தும்மல் போட்டார்.

மலிவு விமானம் என்றால் மலிவுதான். இருக்கை சாயாது. முழங்கால் முன்னிருக்கையில் முட்டும். தண்ணீர் வேண்டுமென்றால் வாங்க வேண்டும். தண்ணீரிலேயே காலம் தள்ளுகிற ஆளுக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. தலைக்கு மேலே காற்று வரும் துளையின் திருகி தேய்ந்து போயிருந்ததால், எப்படித் திருப்பினாலும் குளிர்காற்று நேராக அந்த அடைத்த காதிலேயே இறங்கியது. ஐந்து நிமிஷம் பொறுத்தார். அப்புறம் எழுந்து நின்று, பாக்கெட்டிலிருந்து திரெட் டேப்பை எடுத்து, துளையின் விளிம்பில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கினார். காற்று நின்றது. விமானப் பணிப்பெண் ஓடி வந்தாள்.

"சார், என்ன பண்றீங்க?"

"வால்வுல கோளாறும்மா."

அவள் துளையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல், "இனி எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க, ப்ளீஸ்" என்றுவிட்டுப் போனாள்.

பக்கத்து இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு தாய். வால்வு உட்காருவார், எழுவார், கழிப்பறைக்குப் போவார், வருவார். தூங்கலாம் என்று கண்ணை மூடினால், கண்ணுக்குள் மனைவி உட்கார்ந்து, "ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பாள். உடனே திறந்துவிடுவார். ஆறாவது தடவை எழுந்தபோது அந்தத் தாய் சொன்னாள், "அண்ணே, என் குழந்தையே உங்களைவிடத் தேவலாம்."

நாலு மணி நேரம் கழித்து விமானம் இறங்கத் தொடங்கியது. டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. காதுக்குள் யாரோ பைப் ரெஞ்சை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவது போல இருந்தது. அவர் பல்லைக் கடித்தார். இருக்கையின் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் வெளுத்தன. குழந்தையும் வீறிட்டது. தாய் அதை மார்போடு அணைத்துப் பால் கொடுக்க, இரண்டு விழுங்கில் அழுகை நின்றது.

"விழுங்கினா காது திறந்துக்கும் அண்ணே" என்று ஒரு மிட்டாயை அவர் கையில் வைத்தாள். பணிப்பெண்ணும் குனிந்து சொன்னாள். "மெதுவா விழுங்கிட்டே இருங்க சார். மூக்கைப் பிடிச்சு ஊதிடாதீங்க. ஜலதோஷத்துல அது ஆபத்து."

வால்வு தலையாட்டினார். மிட்டாயைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவர் காதில் அது விழாமல் இல்லை, விழத்தான் செய்தது. ஆனால் குழாய் விவகாரத்தில் ஊர் உலகம் தனக்குப் புத்தி சொல்வதா என்று ஒரு வீம்பு. பதினெட்டு வருஷ அனுபவம் என்ன சொல்கிறது? இது ஏர் லாக். உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. ஏர் லாக் என்றால் ஒரு முனையை மூடு, மறுமுனையில் அழுத்தி ஊது, ஒரே ஊதல், வழி விட்டுவிடும். எத்தனை மாடியில் எத்தனை குழாயில் பார்த்தாயிற்று! அவர் மூக்கை இறுகப் பிடித்து, வாயை மூடி, அடிவயிற்றிலிருந்து ஊதினார்.

காதுக்குள் டப்பென்று ஒரு சத்தம்.

வலி அப்படியே நின்றுவிட்டது. என்ன சுகம்! இளஞ்சூடாக ஏதோ ஒன்று கழுத்தில் இறங்கியது. "பாத்தியாம்மா, லாக் விட்டுடுச்சு" என்று தாயிடம் பெருமையாகச் சொன்னார். அவள் அவர் காதையே பார்த்தாள். பிறகு பையிலிருந்து நாலைந்து காகிதக் கைக்குட்டைகளை எடுத்து நீட்டினாள். துடைத்துப் பார்த்தார். ரத்தம்.

விமானம் தரையில் நின்றதும் அவர் செய்த முதல் வேலை, வீட்டுச் சாவியை எடுத்து இடது காதுக்குப் பக்கத்தில் குலுக்கியது. சத்தமே இல்லை. வலது பக்கம் குலுக்கினார். எங்கோ பக்கத்து அறையில் குலுக்கியது போல் மெல்லக் கேட்டது. மறுபடி இடது. கிடையாது. சுவரில் வைக்கும் காது. சோறு போடும் காது. மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் வரிசையில் நடந்துகொண்டே ஒரு முடிவுக்கு வந்தார். அவளிடம் இப்போது மூச்சு விடக் கூடாது. சொன்னால் ஆஸ்பத்திரி, மருந்து, பரிசோதனை என்று நாலு நாளும் அதிலேயே போய்விடும். விஷயம் அப்படியே நின்றுவிடும். முதலில் விஷயம், அப்புறம் காது. கழிப்பறையில் கழுத்தைக் கழுவி, தலைமுடியை இழுத்துவிட்டு, வெளியே வந்தார்.

அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்து, பையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பஸ் ஓட்டுநரிடம் அந்த ஊர் மொழியில் என்னவோ கேட்டு, டிக்கெட் வாங்கி, ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தாள். ஊரைப் பார்க்கட்டுமாம். வால்வுக்குத் தன் சொந்த மனைவியிடமே கூச்சமாக இருந்தது.

பஸ்ஸின் வலது வரிசை. அவருடைய நல்ல காது ஜன்னல் பக்கம், எஞ்சின் உறுமலும் காற்றும் அடிக்கும் பக்கம். அவள் உட்கார்ந்தது இடது பக்கம்.

முதலில் அவள் வெளியே கையைக் காட்டிக் காட்டி எதையோ சொன்னாள். ஹோட்டல், பாலம், கடைவீதி என்று இருக்கும். ஆட்டினார். பிறகு அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, முன்னிருக்கையின் முதுகையே பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். உதடுகள் நிதானமாக அசைந்தன, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பது போல. அவருக்குப் பொறி தட்டியது. ஐயோ, இதுதான் அந்த விஷயம்!

தடுத்து நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. மூன்று வாரமாக ஒத்திகை பார்த்ததைக் கொட்டிக்கொண்டிருக்கிறவளிடம், நிறுத்து, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எப்படிச் சொல்வது? கழுத்தைத் திருப்பி வலது காதைக் கொண்டுவரப் பார்த்தார். முழங்கால் இடித்ததே தவிர வேறு பலனில்லை. பஸ் ஒரு மேட்டில் ஏறித் திணறியது. அவள் பேசிக்கொண்டே போனாள். கடைசியில் அவர் பக்கம் திரும்பி, புருவத்தை உயர்த்தி, ஒரு கேள்வி கேட்டாள். அது கேள்வி என்பது மட்டும் புரிந்தது.

தலை ஆடிவிட்டது. அவர் ஆட்டவில்லை, சத்தியமாக. பதினெட்டு வருஷத்து வேலை அது.

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு பிடித்திருந்த கையை விட்டாள். மெதுவாகத்தான் விட்டாள். ஆனால் அந்த இரண்டு வருஷத்தில் அவருக்கு வந்த பயமெல்லாம் சேர்ந்து அந்த ஒரு நொடியில் வந்தது. எதற்குச் சரி சொன்னோம்? எதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டோம்?

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதையாவது செய்ய வேண்டுமே என்பது போல் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்யக் கையை நீட்டினாள். நீட்டிய கை நின்றது. காலரை மடக்கிப் பார்த்தாள். நாளுக்கு ஆயிரம் படுக்கை விரிப்பு பார்க்கிற கண். எந்தக் கறை எதனால் வந்தது, எத்தனை மணி நேரம் ஆனது என்று தொட்டுப் பார்க்காமலே சொல்லும். அவர் முகத்தருகே குனிந்து, உரக்கக் கேட்டாள். அது மட்டும் எப்படியோ கேட்டது.

"இது ரத்தம். இன்னைக்கு மதியத்து ரத்தம். எங்கேருந்து வந்துச்சு?"

மறைக்க வழியில்லை. "காது" என்றார். "பிளேன்ல ஊதினேன். ஏர் லாக்னு நெனச்சு."

"கேக்குதா?"

"இந்தப் பக்கம் சுத்தமா கேக்கல."

அவள் எழுந்தாள். முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். வால்வை நகரச் சொல்லி, உள்ளே புகுந்து, தான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜன்னலைச் சாத்தினாள். இப்போது அவள் வலது பக்கம்.

"அப்போ நான் பேசினது?"

"ஒரு வார்த்தை கேக்கல. மன்னிச்சுக்கோ."

"தலையாட்டினீங்களே!"

"அது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் தோள் குலுங்கியது. இரண்டு நிறுத்தம் போகும்வரை குலுங்கியது. அடங்கியதும், "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறோம். சவ்வு திரும்ப வளரும். எங்ககூட வேலை செய்யற பொண்ணுக்கு இப்படித்தான் ஆச்சு, ரெண்டு மாசத்துல சரியாயிடுச்சு" என்றாள்.

"விஷயத்தைச் சொல்லு முதல்ல."

"என்னை சூப்பர்வைசர் ஆக்குறாங்களாம். இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும். திங்கக்கிழமைக்குள்ள சொல்லணும். அதுக்கு எத்தனை காரணம் சேர்த்து வெச்சிருந்தேன் தெரியுமா? படிப்பு, வீடு, எல்லாம். நீங்க வேணாம்னு சண்டை போடுவீங்க, நான் ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்லணும்னு. எல்லாத்தையும் சொல்லிட்டுப் போடட்டுமான்னு கேட்டேன். நீங்க பாட்டுக்கு ஆட்டிட்டீங்க."

"நான் கேக்கவே இல்லம்மா."

"எனக்கு அது தெரியாதே. நீங்க ஆட்டினதும் அப்படியே உள்ள எல்லாம் காலியான மாதிரி ஆயிடுச்சு. அப்பதான் புரிஞ்சுது, நான் என்ன பதிலுக்குக் காத்திருந்தேன்னு."

"இப்போ மறுபடி கேளு. இந்தக் காது கேக்கும்."

அவள் அந்தக் காரணங்களை எல்லாம் மறுபடி தேடுவது போல் ஜன்னலைப் பார்த்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை போலும். அவர் வலது காதில் வாயை வைத்தாள்.

"எனக்கு வீட்டுக்கு வரணுங்க."

வால்வின் தலை அசையவில்லை. வாயைத் திறந்தார். காது அடைத்தவருக்குத் தன் குரலின் அளவு எங்கே தெரியும்? பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, "வா!" என்று கத்தினார்.